எல்லை தாண்டி என்னோடு வந்த தாய்

மாரித்தாயை மனதில் நிறுத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை விளக்கு பூஜையில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். வாயைத் திறந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடையில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர் ஒருத்தர் கிடையாது. அப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கே நா எழவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

என் தலையை நானே வார முடியவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

அது ஒரு ஆடி மாதம். எம்.ரெட்டியபட்டியில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. மூட்டையை இடுப்பில் சாய்த்து நகர்த்துகிறவள் நான். ஒரு நாள் காலையில் சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோனேன். கை தோள் வரைதான் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. வலி இல்லை. வலித்திருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கண்ணிமை இரண்டும் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கின. விரல் கணுக்களில் சிவப்புத் திட்டுகள். வெயில் சூடு என்றார்கள். எங்கள் ஊரில் எது வந்தாலும் வெயில் சூடுதான். நானும் மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

அடுத்த மாதம் விளக்கு பூஜையில் தரையில் உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், தூணைப் பிடித்துப் பார்த்தேன். தொடை இரண்டும் செத்துப்போனது போலக் கிடந்தன. எனக்கு உடம்பு நடுங்கியதைப் பார்த்து, சாமி வந்துவிட்டது என்று ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். சுற்றி எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் கழுத்தெலும்பு தேய்வு என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன். ஐப்பசியில் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வர ஆரம்பித்தது. சோற்றை விழுங்கினால் தொண்டையில் நின்றது. என் வீட்டுக்காரர் செல்வராசு அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கடையைச் சாத்தினார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தொடையில் துளி சதையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்க உடம்பைக் காப்பாத்த வேண்டிய அணுக்களே உங்க தசையை எதிரின்னு நினைச்சுத் தாக்குதும்மா."

வீட்டு நாய் வீட்டு ஆளையே கடிக்கிறது, நான் புரிந்துகொண்டது அதுதான். அந்த நாயை அடக்க மருந்து கொடுத்தார்கள். முகம் பூசணிக்காய் போல ஊதியது. சர்க்கரை வந்தது. அடக்குகிற மருந்துக்கு மேல் இன்னொரு மருந்து, அதற்கு மேல் ஊசி, அதற்கு மேல் நாள் முழுக்க நரம்பில் ஏற்றுகிற பாட்டில். ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு முன்னைவிட மோசமாகக் கடிக்கும். ஒரு வருடம் இப்படியே போனது. கல்லூரி விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் என் மகள்தான் எனக்குத் தலைவாரிவிட்டாள். பின்னால் நின்று வாருவாள். அவள் அழுவது எனக்குத் தெரியக்கூடாதாம். சீப்பு நடுங்குவது தெரியாதா என்ன?

கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும் தசையையும் நோய் தொட்டுவிட்டது என்றார்கள். அன்றைக்குப் படுத்துக்கொண்டே மாரித்தாயிடம் கேட்டேன். நல்ல வார்த்தையில் கேட்கவில்லை, சண்டைதான் போட்டேன். "படுக்கையில வச்சு என்னை எடுத்துக்காத. எடுக்கிறதா இருந்தா நடக்க வச்சு எடு" என்றேன். இதுதான் என் வேண்டுதல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை டாக்டர்தான் சென்னையில் ஒரு சோதனை நடப்பதாகச் சொன்னார். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கிற ஒரு வைத்தியத்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். நம் ரத்தத்திலிருந்தே ஒரு வகை அணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் அதை மாற்றி, நம் உடம்புக்கே திருப்பி ஏற்றுவார்கள். எந்தக் கூட்டம் வீட்டுக்காரனைக் கடிக்கத் தூண்டுகிறதோ அந்தக் கூட்டத்தை அது தேடிப் பிடித்து அழிக்கும். "வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்" என்றார்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சந்தனமாரி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷனை இழந்து எங்களோடு வந்து இருப்பவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. நான் உப்புப் போட்டால் அவருக்குக் கரிக்கும், அவர் கோலம் போட்டால் எனக்குக் கோணும். ஆனால் பக்தியில் அவரை மிஞ்ச இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி, வருஷம் தவறாமல் அக்கினிச்சட்டி எடுப்பவர். வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

சென்னை விஷயத்தைக் கேட்டதும் மதினி சொன்னார்: "எலிய வச்சுப் பாக்குறாப்பல இவள வச்சுப் பாக்கப் போறாக. ஏலே செல்வராசு, போன ரத்தம் போனதுதான். வெளிய எடுத்து மாத்துன ரத்தம் எவ ரத்தம்டா? திரும்பி வர்றது கோமதியா இருக்குமா, வேற எவளாச்சுமா இருக்குமா?"

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிவிட்டது. அதன்பிறகு அது போகவே இல்லை.

சென்னையில் ஒப்புதல் வாங்கும்போது கேமரா வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். கடும் காய்ச்சல் வரலாம். ரத்த அழுத்தம் விழலாம். நினைவு தப்பலாம். கிருமி தொற்றினால் உடம்பு எதிர்த்து நிற்காது. உயிருக்கே ஆபத்து வரலாம். ஒவ்வொன்றுக்கும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். புரிந்தது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். என் சாவுக்கு நானே சாட்சி சொல்வது போல இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டி முனையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ரத்தத்தை ஒரு மெஷினில் சுற்றவிட்டு அணுக்களைப் பிரித்தார்கள். பல வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். முதலில் கீமோ. முடி கொட்டியது. பிறகு புகை பறக்கிற பெட்டியிலிருந்து, உறைந்து கிடந்த ஒரு சின்னப் பையை எடுத்து இளக வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும். இவ்வளவுதானா என்றிருந்தது. என் பெயரைக் கேட்டார்கள், பையில் இருந்த பெயரோடு ஒத்துப் பார்த்தார்கள், ஏற்றினார்கள். நான் மதினி கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். ஒரு சோறு வேகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காய்ச்சல் சில நாளில் வந்தது. அப்படி ஒரு காய்ச்சலை நான் கண்டதில்லை. எலும்புக்குள் அடுப்பு வைத்தது போல இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தினமும் ஒரு நர்ஸ் வந்து தாளும் பேனாவும் கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்லுவார். மூளைக்குப் பாதிப்பு வருகிறதா என்று அதில் தெரியுமாம். நான் "மாரியம்மன் துணை" என்று எழுதுவேன். ஒரு நாள் எழுதிவிட்டுக் கொடுத்தேன். நர்ஸ் பார்த்தார், முகம் மாறியது. தாளை வாங்கிப் பார்த்தேன். எழுத்தே இல்லை, வெறும் கோடு. கோழி கிளறியது போல இருந்தது. பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் சொல் வரவில்லை. "புண்ணாக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்திருப்பது கோமதிதானா என்ற கேள்வி அவருக்கும் வந்திருக்கும்.

அதற்கும் மருந்து கொடுத்தார்கள். தாய் புண்ணியத்தில் எழுத்து திரும்பி வந்தது. காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். கை ஜன்னல் கொண்டி வரை ஏறியிருக்கிறது. வாருவதற்குத் தலையில் முடிதான் இல்லை. மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

தை மாதம் ஊருக்கு வந்தோம். கிளம்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "நோயை உண்டாக்கின அணுக்களோட சேர்த்து, உங்களைக் காப்பாத்துற அணுக்களும் அழிஞ்சிருக்கு. திரும்ப வளர மாசக்கணக்காகும். இந்தக் காப்பு மாத்திரையைக் காலையும் ராத்திரியும் விடாமப் போடணும். சின்னக் காய்ச்சல்னாலும் உடனே போன் பண்ணணும். உடனேன்னா உடனே."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுத வேண்டியதே இல்லை.

பங்குனி பிறந்தது. மழையே இல்லாத வருஷம். கரிசல் வெடித்துக் கிடந்தது. எங்கள் தெருவில் எதிர் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. பிறகு நாலு வீடு தள்ளி இன்னொன்று. அம்மா இறங்கியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அம்மை என்று வாயால் சொல்ல மாட்டோம், உங்களுக்குத் தெரியும். அந்த வேப்பிலையை நான் தினமும் பார்த்தேன். காற்றே இல்லாத நடுப்பகலிலும் அது ஆடுவது போல எனக்குத் தோன்றியது. பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

கோயிலில் கொடி ஏறியது. மதினி காப்புக் கட்டிக்கொண்டார். நன்றிக்காக நானும் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினால் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஒரு பொழுது விரதம். பகலில் ஒரு வேளைதான் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய மாத்திரையும் ஒரு வேளையாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அடுப்பு ஒரு வேளை எரிந்தது, மாத்திரையும் அதோடு போனது. எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவே இல்லை.

சில நாளில் உடம்பு கொதித்தது. மறுநாள் மார்பில் முத்து. முதுகில் முத்து. சாயங்காலத்துக்குள் முகத்தில் இடமில்லை.

மதினி வந்து பார்த்தார். தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார். எத்தனை வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்றவர் என் காலடியில் கிடந்தார். அவர் கும்பிட்டது என்னை இல்லை என்று எனக்குத் தெரியும். நிலையில் வேப்பிலை செருகினார். பாயில் வேப்பிலை பரப்பினார். தாளிப்பு நின்றது. வெளியாட்கள் வரவு நின்றது. மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்தார். அம்மா வந்திருக்கிற வீட்டில் மருந்து வாசம் ஆகாது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த முறை. எதிர்த்துப் பேச வாய் வருமா?

சென்னையிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் கையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் கிளம்பி வரச் சொல்லுவார்கள். அவர் பூசாரியிடம் ஓடினார். எல்லை தாண்ட உத்தரவு உண்டா என்று பூப் போட்டுக் கேட்டார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு என்று தெரிந்துபோனது. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்.

அன்றைக்குக் கிடந்தது போல நான் என்றைக்கும் கிடந்ததில்லை. வெளியே கொட்டுச் சத்தம். முளைப்பாரிக்குக் கும்மி அடிக்கிற பெண்களின் குரல். ஊரே தாயைக் கொண்டாடுகிறது, அந்தத் தாய் என் மேல் முத்தாகப் பூத்துக் கிடக்கிறாள், நான் மூச்சுக்குத் தவிக்கிறேன். நீ என்னை நடக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்டேன். நடக்க வைத்து எடு என்று நானே கேட்டதுதானே! கொடுத்துவிட்டாள், இப்போது எடுக்க வந்திருக்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். உடம்பெல்லாம் எரியும்போதே உள்ளே சில்லிட்டுப் போனது. ஒரு வார்த்தைதான் மனதில் மிச்சமிருந்தது. "வந்தவளே, வழியையும் நீயே காட்டு." அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

உச்சிப் பொழுதில் மதினி கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்தார். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். என் தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் ஊற்றினார்.

தீர்த்தம் மூக்கு வழியாக வந்தது.

மறுபடி ஊற்றினார். மறுபடியும் மூக்கில் வந்தது. எனக்குப் புரை ஏறி முகம் நீலம் பாய்ந்ததாம். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பழைய நோய் திரும்பிவிட்டது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

மதினி மட்டும் அசையவில்லை. கையிலிருந்த செம்பையே பார்த்தார். அந்த நேரம் வெளியே கொட்டுகூட நின்றுவிட்டது போல இருந்தது எனக்கு. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ தீர்த்தத்தையே அவ வேண்டாங்கிறாளேடா."

"அக்கா, பூ சிவப்பால்ல வந்துச்சு..."

"பூ கோயில்ல கேட்டது. இது வீட்டுக்குள்ள வந்தவ சொல்றது. ஏலே, வண்டிய எடுடா!"

இன்னும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது. நிலையில் செருகிய வேப்பிலையை அவரே உருவினார். பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கினார். தீவனம் ஏற்றுகிற எங்கள் லோடு வண்டியில் காலிச் சாக்கை விரித்து, மேலே வேட்டியை விரித்து, அதன் மேல் அந்த வேப்பிலையைப் பரப்பி என்னைக் கிடத்தினார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. "காப்புக் கட்டிக்கிட்டு எங்கத்தா போற? குடும்பத்துக்கு ஆகாதுத்தா" என்று ஒருவர் மட்டும் கேட்டார். மதினி பின்னால் ஏறி உட்கார்ந்து என் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அவர் கையில் மஞ்சள் காப்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. மறுவாரம் அந்தக் கைதான் அக்கினிச்சட்டி ஏந்த வேண்டும்.

எல்லையில் ஒரு ஓடைப் பாலம். வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரை ரோட்டுக்குக் குறுக்கே ஊற்றினார். வெயிலில் அது ஊற்ற ஊற்றக் காய்ந்தது. தேங்காயை உடைத்தார். ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"தாயே, உன்ன விட்டுட்டு நாங்க போகல. நீயும் வண்டில ஏறு. இந்தப் புள்ள மேல உக்காந்துக்கிட்டே வா. எங்க போனாலும் கூட வா."

அவ்வளவுதான் சொன்னார். ஏறினார். வண்டி பாலத்தைத் தாண்டியது. ஏதாவது நடக்கும் என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கருவேலங்காடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. போகிற வழியிலேயே என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டிச் சென்னைக்குப் போன் போட்டார். அவர்கள் மதுரைக்குப் பேசினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது.

தனி அறை. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். அம்மா நுரையீரல் வரைக்கும் இறங்கியிருந்தாள். தொண்டைக்குள்ளும் முத்து. அதனால்தான் தீர்த்தம் இறங்கவில்லை. பழைய நோய் திரும்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "இன்னும் ஒரு நாள் வீட்டுல வச்சிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரரைத் திட்டினார். நியாயமான திட்டு, அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

வேப்பிலையை உள்ளே விடமாட்டோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மதினி விடுவாரா? "அவ கூட வந்தவம்மா, வெளிய நிக்கச் சொல்றியே" என்று சண்டைக்கு நின்றார். கடைசியில் அந்தப் பெண், "அப்ப நீங்க கண்ணாடிக்கு வெளிய வச்சுக்கிட்டு நில்லுங்க பாட்டி" என்றது. பாட்டி என்றதுதான் மதினிக்குத் தாங்கவில்லை. ஆனாலும் நின்றார். வேப்பங்கொத்தை மடியில் செருகிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினமும் நின்றார்.

அக்கினிச்சட்டி எடுக்கிற நாள் வந்தது. எனக்குக் கண் திறந்து பார்க்கிற அளவுக்குத் தெளிவு இருந்தது. ஊரில் சட்டி கிளம்புகிற வேளையில் கண்ணாடியைப் பார்த்தேன். மதினி நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து முன்னால் நீட்டி, சட்டியை ஏந்தினால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். கையில் ஒன்றும் இல்லை. முகம் வேர்த்துக் கொட்டியது. போகிறவர் வருகிறவர் பார்த்துச் சிரித்தார்கள், விலகிப் போனார்கள். அவர் கையை இறக்கவே இல்லை. கோயிலைச் சுற்றி முடிகிற நேரம் ஆன பிறகுதான் இறக்கினார். நான் உள்ளே கிடந்து அழுதேன். எனக்காக ஒருத்தி தன் சட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன்?

பிழைத்தேன். சித்திரையில் வீட்டுக்கு வந்தோம்.

ஊர் எங்களைச் சும்மா விடவில்லை. காப்போடு எல்லை தாண்டியவர்கள் வீடு என்று தெருவில் பேச்சு. ஒரு வீட்டில் கன்று செத்தது, எங்களைக் காரணம் சொன்னார்கள். மழை தள்ளிப்போனது, அதற்கும் நாங்கள்தான். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். என் காப்பை ஊசி குத்தும்போது ஆஸ்பத்திரியிலேயே வெட்டிவிட்டார்கள். மதினி தன் கையிலிருந்த காப்பை அவிழ்க்கவில்லை. பூசாரி கையால்தான் அவிழ வேண்டும், அவரோ எங்கள் வாசலுக்கு வரவில்லை. நூல் கறுத்து நைந்து மணிக்கட்டிலேயே கிடந்தது. உயிர் பிழைத்தும் நிம்மதி இல்லை. என்ன வரப்போகிறதோ, யாருக்கு வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

வைகாசியில் ஒரு நாள் பூசாரி வந்தார். வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மதினியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் இத்தனை வருஷமாக் கரகம் தூக்குறேன். தூக்குனதும் தோளு இறங்கும். தாயி ஏறிட்டானு அதுலதான் எனக்குத் தெரியும். இந்த வருஷம் கனமே இல்லத்தா. வெறும் செம்பு தூக்குறாப்பல இருந்துச்சு. ஊர்ல யாருகிட்டயும் நான் சொல்லல. எனக்கே பயமாப் போச்சு."

மதினி வாசல்படிக்கு வந்து நின்றார்.

"அவ இங்க இல்ல. ஒன்கூடத்தான் இருந்திருக்கா" என்றார். மதினியின் கையைப் பிடித்து அந்த நைந்த நூலை அவிழ்த்தார். மதினி அப்போதுதான் அழுதார். புருஷன் போனபோதுகூட நான் அவர் அப்படி அழுது பார்த்ததில்லை.

இன்றைக்கு நான் கடையில் உட்காருகிறேன். மூட்டை தூக்குவதில்லை, மதினி தூக்க விடுவதில்லை. கொட்டிய முடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. நானே வாருகிறேன். சோதனை இன்னும் முடியவில்லை. சென்னைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். "இது எத்தனை வருஷம் தாங்கும்னு எங்களுக்கும் தெரியாதும்மா" என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். ராத்திரி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுமோ என்று ஒரு நொடி நின்று குடிக்கிறேன். அந்தப் பயம் சாகும்வரை இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாத்திரையை மட்டும் இரண்டு வேளையும் மதினி தன் கையால் எடுத்துத் தருகிறார். இனி எனக்கு ஒரு பொழுது விரதம் கிடையாது. அது அவர் போட்ட சட்டம்.

இதை வாசிக்கிறவர்களே, கேட்கிறவர்களே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு அம்மா வந்தால் பயப்படாதீர்கள். வேப்பிலை கட்டுங்கள். விழுந்து கும்பிடுங்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பிள்ளையைத் தூக்கும்போது அவளையும் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி வாசல் அவளுக்கு ஆகாத வாசல் என்று யார் சொன்னது? எல்லை நமக்குத்தான், அவளுக்கு ஏது எல்லை?

சென்னைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓடைப் பாலத்தில் வாடகைக் காரை நிறுத்துகிறோம். இப்போது தேங்காயை நான்தான் உடைக்கிறேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி உடைக்கிறேன். பிறகு பின்சீட்டில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு மதினி தள்ளி உட்காருகிறார். அந்த இடத்தில் நாங்கள் பைகூட வைப்பதில்லை.